வீடிழந்த சிறுவன் திறந்த கதவுகள்: புனித அல்பேர்ட்டோ உர்த்தாடோ



ஒரு குடும்பத்துக்கு வீடு என்பது என்ன? மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கூரை என்பீர்கள். அது சரிதான்; ஆனால் அது மட்டுமல்ல. பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கும் இடம் அது. நோயாளி பிறர் கண்ணில் படாமல் படுத்திருக்கும் இடம் அது. மாலையில் எல்லோரும் முழங்காற்படியிட்டுச் செபமாலை சொல்லும் இடமும், வயோதிபர் தமக்கு உரியவர் நடுவில் கண்மூடும் இடமும் அதுவே. வீடு இடிந்தால் இவை யாவும் சேர்ந்து இடிகின்றன.

இதைச் சிறுவயதிலேயே அனுபவித்து அறிந்த ஒருவரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் சிலி நாட்டவர். இயேசு சபைக் குரு. 51 ஆண்டுகளே வாழ்ந்தவர். அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்நாட்டு மாணவர்கள் சுத்தியலும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு ஏழைகளின் குடிசைகளை நோக்கிப் போகிறார்கள் என்றால், அதன் வேர் அவருடைய வாழ்விலே இருக்கிறது. அவர்தாம் புனித அல்பேர்ட்டோ உர்த்தாடோ.

தாயும் இரு பிள்ளைகளும்

1901ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி, வீஞ்ஞா தெல் மார் என்னும் கடலோர நகரில் அல்பேர்ட்டோ பிறந்தார். தந்தையார் காணிபூமி உடையவர், நல்ல குடும்பம். ஆனால் அல்பேர்ட்டோவுக்கு நான்கு வயதாயிருக்கையில் தந்தை காலமானார். இளம் விதவையான தாய் அன்னா அம்மையார் கையில் எஞ்சியவை இரண்டு ஆண்பிள்ளைகளும் கடனுமே. கடனைத் தீர்க்கக் காணியை நட்டத்துக்கு விற்கவேண்டியதாயிற்று. அதன் பின்னர் தாயும் பிள்ளைகளும் தலைநகராகிய சந்தியாகோவுக்கு வந்து, உறவினர் வீடுகளில் மாறி மாறி வாழ்ந்தனர்.

உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பது எப்படிப்பட்டதென்று உங்களிற் பலருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்து, பிறர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! சோறு கிடைக்கும், அன்பும் கிடைக்கும். ஆயினும் இது நம்முடையதல்ல என்ற எண்ணம் நெஞ்சின் ஓரத்தில் இருந்துகொண்டேயிருக்கும். அந்த எண்ணத்தோடுதான் அல்பேர்ட்டோ வளர்ந்தார்.

ஆனால் அன்னா அம்மையார் தம் துயரத்தையே எண்ணி உட்கார்ந்திருந்தவர் அல்லர். தமக்கு வீடில்லாத நிலையிலும், ஏழைகளுக்கு உதவும் இல்லம் ஒன்றுக்குச் சென்று தொண்டு செய்து வந்தார். மகனையும் உடன் கூட்டிச் சென்றார். உள்ளவர்கள்தாம் கொடுக்கலாம், இல்லாதவர்கள் வாங்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் அப்பிள்ளையின் மனதில் வேரூன்றாமற் போனதற்குத் தாயே காரணம். பெற்றோரே, உங்கள் பிள்ளையை நீங்கள் எங்கே கூட்டிச் செல்கிறீர்கள் என்பதைப் பிள்ளை ஒருநாளும் மறப்பதில்லை.

இயேசு சபையினர் நடத்திய புனித இஞ்ஞாசியார் கல்லூரியில் புலமைப்பரிசில் பெற்று அல்பேர்ட்டோ படித்தார். அது செல்வந்தரின் பிள்ளைகள் படித்த கல்லூரி. அங்கே பெர்னாந்து வீவெஸ் என்ற குருவானவர் அவருக்கு ஆன்ம வழிகாட்டியானார். தொழிலாளரின் உரிமைகளைப் பற்றித் திருச்சபை போதிப்பதை அச்சமின்றி எடுத்துச் சொன்னவர் இவர். அல்பேர்ட்டோவின் பள்ளித் தோழருள் ஒருவர் மனுவேல் லராயின். பிற்காலத்தில் தால்கா மறைமாவட்டத்தின் ஆயரானவர்.

மாணவன் கண்ட அறைகள்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் துறவறம் புக அவர் விரும்பினார். ஆனால் தாயையும் தம்பியையும் யார் பார்ப்பது? ஆசையை அடக்கிக்கொண்டு, 1918இல் சந்தியாகோ கத்தோலிக்க பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். வீட்டுச் செலவுக்காகப் படிப்போடு வேலையும் பார்த்தார். இத்தனைக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமைகளை ஏழைகளுக்கென ஒதுக்கி, அந்தக்கொல்லோ மாதா பங்கைச் சேர்ந்த தொண்டு நிலையத்தில் பணி செய்தார்.

அந்நாளைய சந்தியாகோவில் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நீங்கள் அறியவேண்டும். நகரிலே கொன்வெந்தில்லோ எனப்படும் நீண்ட கட்டடங்கள் இருந்தன. நடுவே ஒடுங்கிய முற்றம்; இருபுறமும் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சன்னல் இல்லாத அறைகளும் உண்டு. சமைப்பதும் உறங்குவதும், பிள்ளை பெறுவதும் பிணம் கிடத்துவதும் அந்த அறைக்குள்ளேதான். முற்றத்துத் தண்ணீர்க் குழாய் எல்லோருக்கும் பொது. தொழிலாளர் குடியிருப்புப் பற்றி 1906இலேயே அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் ஓரிடத்திலும் மக்கள் வேறிடத்திலுமாக இருந்தார்கள். 1930களின் நடுப்பகுதியிற்கூட அந்நாட்டில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஒரு வயது நிறையுமுன் இறந்தது. ஈரச் சுவர்களும் அசுத்த நீரும் எத்தனை உயிர்களைக் குடித்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சட்ட மாணவனாகிய அல்பேர்ட்டோ இதைக் கண்டு கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. பட்டப்படிப்புக்காக அவர் எழுதிய ஆய்வுகளைப் பாருங்கள். ஒன்று, சிறுவர்களை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துவது பற்றியது. மற்றொன்று, வீட்டிலிருந்து கூலிக்குத் தைக்கும் பெண்களைப் போன்றோரின் நிலைபற்றியது. அப்பெண்களுக்கு ஒரே அறைதான் வீடு, அதுவே தொழிற்சாலையும். வேலை கொடுப்பவர் தொழிற்சாலைக்கு வாடகை கொடுக்கத் தேவையில்லை. விளக்குக்கு எண்ணெய் கொடுக்கவும் தேவையில்லை. அவற்றின் சுமையெல்லாம் தைப்பவளின் தலையில். மற்ற மாணவர்கள் வழக்கறிஞராகிப் பணம் சேர்க்கும் வழியைத் தேடிய வயதில், தம் படிப்பையே ஏழையின் கைக்கு ஆயுதமாக்கலாம் என்று இவர் கண்டுகொண்டார்.

1923இல் சட்டத்தரணியாகத் தேறினார். துறவறத்துக்கு இருந்த தடையும் அவ்வாண்டிலேயே நீங்கிற்று. திரு இருதய மாதத்தில் ஒவ்வோர் இரவும் திவ்விய நற்கருணைக்கு முன் முகங்குப்புற விழுந்து செபித்து வந்தாராம். முன்பு குறைந்த விலைக்குப் போன குடும்பக் காணிக்குரிய பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. தாயின் வாழ்வுக்கு வழி பிறந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில், சில்லான் நகரிலிருந்த இயேசு சபையின் துறவறப் பயிற்சி இல்லத்தின் கதவைத் தட்டினார்.

ஆசான் மாணவரை அனுப்பினார்

ஆர்ஜென்ரீனா, ஸ்பானியா, பெல்ஜியம் எனப் பல நாடுகளிற் படித்து, 1933 ஓகஸ்ட் 24ஆந் திகதி பெல்ஜியத்தில் குருத்துவ அபிஷேகம் பெற்றார். லுவெயின் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் கலாநிதிப் பட்டமும் பெற்று, 1936இல் தாய்நாடு திரும்பினார். தாம் படித்த அதே கல்லூரியில் ஆசிரியரானார். பல்கலைக்கழகத்திலும் குருமடத்திலும் கற்பித்தார்.

முன்னாளில் புலமைப்பரிசிலில் படித்த பிள்ளை இப்போது செல்வந்தர் பிள்ளைகளுக்கு ஆசான். அவர் அவர்களுக்கு என்ன செய்தார்? மரியாயின் சபையைச் சேர்ந்த மூத்த மாணவர்களை நகரத்தின் ஏழைப் பகுதிகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்க அனுப்பினார். வாசகர்களே, இதிலுள்ள ஞானத்தைக் கவனியுங்கள். பிள்ளைகள் கற்பிக்கப் போனார்கள், கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஒரே நகரில் வாழ்ந்தும், அதுவரை தாம் ஒருநாளும் மிதித்திராத தெருக்களை அவர்கள் மிதித்தார்கள். தம் வயதுச் சிறுவன் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பதைக் கண்டார்கள். ஏழ்மையைப் பற்றிய நூறு பிரசங்கங்களும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகமாட்டா.

1941இல் அவர் எழுதிய நூல் ஒன்று நாட்டையே கலக்கியது. சிலி ஒரு கத்தோலிக்க நாடுதானா என்பதே அதன் தலைப்பு. ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை பேர், பூசைக்கு வருவோர் எத்தனை பேர், குருக்கள் எத்தனை பேர், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றெல்லாம் கணக்குக் காட்டி, பெயரளவிலான கிறிஸ்தவத்தை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். பலருக்கு அது கசந்தது. ஆனால் இளைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். அதே ஆண்டில் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தின் ஆன்ம குருவானார். இரவிலே தீப்பந்தம் ஏந்தி ஆயிரமாயிரம் இளைஞர்கள் அவரோடு அணிவகுத்தனர். 1944இல் திருச்சபை அதிகாரிகள் சிலரோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் அப்பொறுப்பைத் துறக்க நேர்ந்தது. அது அவருக்குப் பெரிய வேதனை. ஆயினும் யாரையும் தூற்றாமல் விலகினார்.

ஒரு தியானத்தில் நடந்தது

அதே 1944 ஒக்டோபரில், பெண்கள் சிலருக்கு அவர் தியானம் கொடுத்துக்கொண்டிருந்தார். இடையிலே பேச்சை நிறுத்தினார். முதல்நாள் இரவு தாம் கண்டதை அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளிரில், மேற்சட்டை மட்டும் அணிந்த ஒரு மனிதர் காய்ச்சலோடு நடுங்கியபடி அவரை எதிர்ப்பட்டிருந்தார். அவருக்குப் போக இடமில்லை. கிறிஸ்து இந்த நகரத்தின் தெருக்களில் இப்படித்தான் அலைகிறார், அவருக்கு இங்கே ஒரு வீடில்லையே என்று குருவானவர் உள்ளம் உருகிப் பேசினார். அது அவர் ஆயத்தம் செய்து வந்த பிரசங்கமல்ல.

தியானம் முடிந்து வெளியேறுகையில் ஒருவர் காணித்துண்டு ஒன்றைத் தருவதாகச் சொன்னார். சிலர் காசோலை கொடுத்தனர். சிலர் தாம் அணிந்திருந்த நகைகளையே கழற்றிக் கொடுத்தனர். டிசெம்பரில் அத்திவாரக்கல் நாட்டப்பட்டது. கிறிஸ்துவின் இல்லம் என்பதே அதற்கு இடப்பட்ட பெயர்.

ஏழைகளின் இல்லம் என்றோ அநாதைகளின் மடம் என்றோ அவர் பெயரிடவில்லை. வந்து தங்குபவர் பிச்சைக்காரரல்லர். வீட்டுக்கு உரியவராகிய கிறிஸ்துவே என்பது அவர் கொண்ட உறுதி. ஆகவே தங்க வந்தவர்களைச் சின்ன முதலாளிமார் என்று அழைக்கும் வழக்கத்தை அங்கே ஏற்படுத்தினார். உதவி செய்யப் போகும் இளைஞன் தன்னைக் கொடையாளியாக அல்ல, வேலையாளாக எண்ணிக்கொள்ள வேண்டும். எத்தனை எளிய பாடம்! ஆனால் எத்தனை பேருக்கு அது இன்னும் வரவில்லை!

பச்சை லொறி

1946ஆம் ஆண்டு போர்ட் வகைச் சிறு லொறி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் நிறம் பச்சை. அதை இன்றும் சந்தியாகோவில் உள்ள அவரது நினைவிடத்திற் காணலாம். இரவானால் அவர் அதை ஓட்டிக்கொண்டு மப்போச்சோ ஆற்றங்கரைக்குப் போவார். பாலங்களின் கீழே, நாய்களை அணைத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவராகச் சிறுவர்கள் உறங்குவார்கள். அவர்களை எழுப்பி, சூடாக ஏதேனும் கொடுத்து, வர விரும்பியவர்களை லொறியில் ஏற்றி இல்லத்துக்குக் கொண்டுவருவார். இளைஞர்களும் அவரோடு போவதுண்டு.

எல்லாச் சிறுவர்களும் உடனே வந்துவிடவில்லை. வந்தவர்களிலும் சிலர் மறுநாளே ஓடிவிடுவார்கள். அதற்காக அவர் கோபிப்பதில்லை. அடுத்த இரவும் லொறி வரும். சிறுவருக்குப் படுக்கை மட்டும் போதாது, கையிலே ஒரு தொழிலும் வேண்டும் என்று கண்டு தொழிற்பயிற்சிக்கும் ஒழுங்கு செய்தார். 1945இல் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, பிளனகன் என்ற குருவானவர் ஆதரவற்ற சிறுவர்களுக்காக உருவாக்கிய சிறுவர் நகரைப் பார்வையிட்டு, அங்கே கற்றதைத் தம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்.

நீதியே முதலில்

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை எல்லோரும் மெச்சியிருப்பார்கள். அநாதைகளுக்குச் சோறிடும் குருவை வெறுப்பார் யார்? ஆனால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தச் சிறுவர்கள் பாலத்தின் கீழ் ஏன் வந்தார்கள்? இவர்களின் தந்தையர் உழைத்தும் வாடகை கொடுக்க முடியாதது ஏன்?

தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடாமல், பின்பு அவன் பிள்ளைக்குப் பழைய சட்டை கொடுப்பது அன்பு ஆகாது என்று அவர் அடித்துச் சொன்னார். நீதி செய்து முடிந்த இடத்திலிருந்துதான் அன்பு தொடங்கமுடியும் என்பது அவரது போதனையின் சாரம். 1947இல் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிறிஸ்தவ நெறியிற் பயிற்றுவிக்கும் அமைப்பொன்றை நிறுவினார். அவ்வாண்டே ஐரோப்பாவுக்குச் சென்று, பாப்பரசர் 12ஆம் பத்திநாதரைச் சந்தித்துத் தம் பணிகளை எடுத்துரைத்தார். தொழிற்சங்கம் பற்றியும் கிறிஸ்தவ சமூக ஒழுங்கு பற்றியும் நூல்கள் எழுதினார். 1951இல் மென்சாகே என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அது அவருக்குப் பின்னரும் தொடர்ந்து வெளிவந்தது.

சிவப்புக் குரு என்று அவரை ஏசியவர்கள் உண்டு. பூசைக்குத் தவறாது வந்த கனவான்களே அப்படி ஏசினார்கள் என்பதுதான் வேதனை. அவரோ ஒரு கையால் லொறியின் சுக்கானைப் பிடித்தார். மறு கையால் நீதிக்காக எழுதினார். இரண்டில் எதையும் கைவிடவில்லை. அநீதியைப் பற்றிப் பேசிக்கொண்டு இன்றிரவு நனைகிறவனை மறப்பவரும் உண்டு. நனைகிறவனுக்குக் குடை கொடுத்துவிட்டு, அவன் வீட்டைப் பறித்தவனைப் பற்றி வாய் திறவாதவரும் உண்டு. உர்த்தாடோ அடிகளார் இவ்விரு கூட்டத்தையும் சேராதவர்.

மகிழ்வோடு விடைபெற்றார்

1952ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்தே உடல் தளர்ந்தது. கணையத்திற் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டனர். கடும் வேதனை. ஆனால் அவரைப் பார்க்க வந்தோர், தேற்ற வந்த தாங்களே தேற்றப்பட்டுத் திரும்பினர். சாவு நெருங்கிவிட்டதென்று அறிந்தபோது, அதைத் தந்தையின் வீட்டுக்கு வந்த அழைப்பாக ஏற்று நன்றி கூறினார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், கிறிஸ்துவின் இல்லத்தின் நண்பர்களுக்கு ஒரு மடல் சொல்லி எழுதுவித்தார். ஏழைகளைத் தேடுவதை நிறுத்தவேண்டாம் என்பதே அவரது வேண்டுகோள்.

ஓகஸ்ட் 18ஆந் திகதி அவர் ஆன்மா இறைவனடி சேர்ந்தது. அடக்கப் பூசையில் மறையுரை ஆற்றியவர் பள்ளித் தோழர் ஆயர் லராயின் ஆண்டகை. அதே ஆயர் 1962இல் தம் மறைமாவட்டத்துக்குச் சொந்தமான பண்ணை நிலத்தைக் குடியானவர்களிடம் ஒப்படைத்து, நண்பரின் போதனையைச் செயலாற் காட்டினார். 1994 ஒக்டோபர் 16இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் உர்த்தாடோ அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2005 ஒக்டோபர் 23இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அவர் இறந்த ஓகஸ்ட் 18ஆந் திகதி, சிலியில் தேசிய ஒருமைப்பாட்டுத் தினமாக நினைவுகூரப்படுகிறது.

விதை முளைத்தது

அவர் இறந்த காலத்தில் சந்தியாகோவைச் சுற்றித் தகரமும் அட்டையும் கொண்ட குடிசைகள் பெருகின. ஒரே இரவில் முளைப்பதால் மக்கள் அவற்றைக் காளான்கள் என்றனர். 1957இல் ஓடைக்கரைக் குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து, வெற்று நிலமொன்றிற் குடியேறினர். இந்நிலையைக் கண்டு, 1958இல் கிறிஸ்துவின் இல்லத்தின் கிளையாக வீடமைப்பு நிறுவனம் ஒன்று தோன்றியது. யோசு வன் டெர் ரெஸ்ட் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு அதை முன்னின்று நடத்தினார். பைன் மரப் பலகைகளை முன்கூட்டியே சுவர்களாக அடித்து, லொறியில் ஏற்றிச் சென்று, குறித்த இடத்திற் பூட்டும் சிறு வீடு அவர்களின் கண்டுபிடிப்பு. நீளம் 6 மீற்றர், அகலம் 3 மீற்றர். ஒரு குடும்பம் நனையாமல் உறங்க அது போதும்.

1997இல் பல்கலைக்கழக மாணவர் குழுவொன்று, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுவந்த தென்பகுதியிலுள்ள குரனிலாவே என்ற ஊருக்குப் போயிற்று. அவர்கள் போனது சிற்றாலயம் ஒன்றைக் கட்டுவதற்கு. ஆனால் ஆலயத்தைச் சுற்றியிருந்தவர்களின் குடிசைகளைக் கண்டபின் அவர்களால் வெறுமனே திரும்ப முடியவில்லை. பலகை வீடுகளைக் கட்டத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டுக்குள் 2000 வீடுகள் என்று இலக்கு வைத்து, அதையும் தாண்டினர். கூரை என்ற பொருள்படும் ஸ்பானிய மொழிச் சொல்லே அவ்வியக்கத்தின் பெயராயிற்று. 2001இல் எல் சல்வடோரிலும் பெருவிலும் பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது அங்கும் சென்றனர். இன்று லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அது வேலை செய்கிறது. 2010 பெப்ரவரி 27ஆந் திகதி சிலியைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஓடிவந்து வீடுகளை எழுப்பினர்.

நம் நாட்டில் சிரமதானம் என்கிறோமே, ஏறக்குறைய அவ்வாறே வேலை நடக்கும். மாணவர்கள் அயலிலுள்ள பள்ளிக்கூடத் தரையிற் படுத்து எழும்புவார்கள். விடிந்ததும் குழி தோண்டி, மரக்குற்றிகளை நட்டு, மட்டம் பார்த்து, தரைப்பலகை பொருத்துவார்கள். வீட்டுக்காரர் கைகட்டி நிற்பதில்லை. அவரும் குழி தோண்டுவார். மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர், பெரும்பாலும் அந்த வீட்டின் தகப்பனே. சுவர் நின்றதும் கூரைத் தகடு ஏறும். இரண்டு நாளில் வீடு எழும்பிவிடும். கடைசியில் குடும்பத்தவரே வாசலில் நாடா வெட்டி உள்ளே போவார்கள். அமைச்சருக்கும் அதிபருக்கும் அங்கே வேலையில்லை.

ஆனால் இதிலே ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. அந்தப் பலகை வீடு இடைக்காலத்துக்கென்றே கட்டப்பட்டது. குசினியும் குளியலறையும் அதில் இல்லை. சில காலத்துக்கென்று புகுந்த குடும்பங்கள் பல, ஆண்டுக்கணக்காக அதிலேயே இருக்க நேர்ந்தது. கூரை போட்டதோடு கடமை முடிந்ததென்று மாணவர்களும் எண்ணவில்லை. குடிசைப் பகுதிகளை ஊரூராகச் சென்று எண்ணி, கணக்கெடுத்து, நிரந்தர வீடுகளுக்காக அரசிடம் வாதாடத் தொடங்கினர். 2023இல் வெளியான அவர்களது கணக்கின்படி, 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்நாட்டில் இன்னும் குடிசைப் பகுதிகளில் இருந்தன. அடிகளார் இருந்திருந்தால், சுத்தியலைப் பார்த்து மகிழ்ந்ததைவிட அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அதிகம் மகிழ்ந்திருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம். கூலிக்குத் தைக்கும் பெண்களைப் பற்றி 1923இல் ஒரு சட்ட மாணவன் எழுதிய ஆய்வுக்கும் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் இரத்த உறவு உண்டு.

அந்தக் கடன் நமக்கும் உண்டு

வாசகர்களே, இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, நல்ல மனிதர் என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைப்பது எளிது. ஆனால் அடிகளாரின் வாழ்வு நம்மை அப்படி விடுவதில்லை. படித்தவன் ஏழைக்குச் செய்வது உபகாரமல்ல, கடன் தீர்ப்பது. தன்னைப் படிக்க வைத்த சமூகத்துக்கு அவன் கடனாளி.

உங்கள் பங்கிலே, பிள்ளைகள் தூரதேசம் போய்விட, தனித்திருக்கும் ஒரு மூதாட்டியின் கூரை ஒழுகவில்லையா? ஓடு மாற்ற ஆளில்லாமல், மழைக்காலத்தில் பாத்திரங்களை அங்குமிங்கும் வைத்துக்கொண்டு விழித்திருக்கும் முதியவர் இல்லையா? உயர்தர வகுப்புப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இல்லையா? இந்த இருவரையும் ஒருவரோடொருவர் அறிமுகம் செய்து வைப்பதற்குப் பெரிய சபையும் தலைவரும் செயலாளரும் வேண்டியதில்லை. ஒரு தாய் போதும். அன்னா அம்மையார் தம் மகனின் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றாரே, அதுபோல.

இளைஞர்களே, போகும்போது முதலில் கேளுங்கள். பிறகு ஏணியில் ஏறுங்கள். வீட்டுக்காரருக்கு எது தேவை என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு வாய் தேநீர் தந்தால் மறுக்காதீர்கள். விருந்தோம்பும் உரிமை அவருக்கும் உண்டு. வேலை முடிந்தபின் படம் பிடித்துக்கொண்டு மறைந்துவிடாமல், அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த வீடு ஏன் அந்த நிலைக்கு வந்தது என்ற கேள்வியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டை அடைப்பதற்கு ஒரு நாள் போதும். அந்தக் கேள்விக்கு விடை காண ஓர் ஆயுள் வேண்டும். உர்த்தாடோ அடிகளார் தம் ஆயுளை அதற்கே கொடுத்தார்.